திடீர்ப் படபடப்பா? நாடியை எண்ணுங்கள்!



"சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கொஞ்ச நேரத்துல அடங்கிப்போச்சு. வயசாச்சு, வாயுவா இருக்கும்." கல்வராயன் மலைக் கிராமங்களிலும் கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் வயதானவர்கள் பலர் இப்படிச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். மேடு ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும், பயந்தாலும் வேகம் கூடுவது இயல்பு. காரணமின்றித் திடீரென வரும் படபடப்பு வேறு. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, இதயத்தின் மின்னோட்டத் தடுமாற்றம் ஆகியவற்றால் அது வரலாம். பல வகைகளால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் ஒரு வகையில் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். அங்கே இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். முன்பே கண்டுபிடித்தால் மருந்தால் பெருமளவு தடுக்கலாம். எந்த வகை என்பதை இ.சி.ஜி. காட்டும்.

சிக்கல் இங்கேதான். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் படபடப்பு அடங்கிவிடும். அப்போது எடுக்கும் இ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம். "ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பு டாக்டருக்குப் பெரிய உதவி.

செய்ய வேண்டியவை:

1. உடனே உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். முடியாவிட்டால் பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

2. எண்ணிக்கை, தொடங்கிய நேரம், நின்ற நேரம், சீராக அடித்ததா, தாறுமாறாக அடித்ததா என்பதை நோட்டில் எழுதுங்கள்.

3. படபடப்பு நீடித்தால், அது இருக்கும்போதே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத் துணையோடு சென்று இ.சி.ஜி. எடுங்கள்.

4. புகையிலை, மது வேண்டாம். கடுங்காப்பியைக் குறையுங்கள். இரத்தக்கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணல், கைகால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக்கொதிப்பு பார்க்க உங்கள் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். நாடியை அறிவோம், நலமாய் வாழ்வோம்!