தஞ்சோங் துவான் காட்டைக் கண்டோம்

கோலா சுங்கை பாருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம், "நீங்கள் காட்டைக் கண்டதுண்டா?" என்று வினவினால், "ஏன், எங்கள் வீட்டைச் சுற்றிலும் காடுதானே!" என்று விடை கூறுவர். அவர்கள் காடு என்று சுட்டுவது செம்பனைத் தோட்டத்தையும், ஆங்காங்கே எஞ்சி நிற்கும் பால்மரங்களையுமே ஆகும். அவை காடு அல்ல, பயிர். ஒரே இனம், ஒரே வயது, ஒரே இடைவெளியில் நிரை பிடித்து நட்ட மரங்கள். ஒரு நிரையில் எத்தனை மரம் உள்ளது என்று கங்காணியார் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இயற்கையாய் அமைந்த காட்டிலோ அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்கள் ஓரினமாக இருப்பதே அரிது.

நம் பாட்டனார் காலத்தில் இந்நாட்டின் பெருங்காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. அழித்தவர்களுள் நம்மவரும் உண்டு. வயிற்றுப்பாட்டிற்காகக் கடல் கடந்து வந்தவர்கள், காய்ச்சலுக்கும் பாம்புக்கும் இடையே செய்த வேலை அது. அதனை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், காடு என்பது எவ்வாறு இருக்கும் என்பதை அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒரு முறையேனும் நேரில் காண வேண்டாமா? இவ்வெண்ணத்துடன் சென்ற மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தஞ்சோங் துவான் காட்டிற்குப் புறப்பட்டோம்.

ஆசிரியர்கள், மேல்வகுப்பு மாணவர்கள், அவர்தம் தந்தையர் சிலர் எனப் பொழுது புலருமுன் மிதிவண்டிகளில் கிளம்பினோம். தாய்மார்களும் ஒரு பாட்டியம்மாளும் வாடகை வேனில் பின்தொடர்ந்தனர். கோலா லிங்கி வரையில் மிதிவண்டி, அதன்பின் எல்லாரும் வேன் என்பது ஏற்பாடு. முழுத்தொலைவையும் மிதித்தே செல்வோம் என்று மாணவர் சிலர் பிடிவாதம் செய்தனர். திரும்பும்போது உச்சிவெயிலில் அவர்களே வேனைத் தேடுவர் என்பதால் நாங்கள் இணங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக இடப்புறம் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பதே முதற்கட்டளை. வழியில் ஒரு மாணவனின் சங்கிலி கழன்றது. அவன் தந்தையார் ஐந்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். இருவர் கையும் கறுத்ததே மிச்சம்.

கோலா லிங்கியில் லிங்கி ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் இப்பக்கம் மலாக்கா. அப்பக்கம் நெகிரி செம்பிலான். ஆற்று முகத்தை நோக்கிய குன்றின்மேல் செம்பாறைக் கற்களால் கட்டிய ஒரு கோட்டையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. டச்சுக்காரர் 1757-ஆம் ஆண்டில் கட்டிய இக்கோட்டைக்குப் பிலிப்பினா என்று பெயரிட்டனர். பத்தாவியாவிலிருந்து ஆண்ட அவர்தம் தலைமை ஆளுநரின் மகள் பெயர் அது. ஆனால் ஊரார் வாயில் நிலைத்தது அப்பெயர் அன்று. குன்றைப் புக்கிட் சுப்பாய் என்றும், கோட்டையைக் கோத்தா சுப்பாய் என்றும் அழைக்கின்றனர். சுப்பாய் என்பது வேறொன்றுமில்லை, நம் 'சிப்பாய்' என்னும் சொல்லே. இந்தியச் சிப்பாய்கள் அங்குக் காவல் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். ஆளுநர் மகளின் பெயரை ஏட்டில் மட்டுமே காண்கிறோம். கூலிக்குக் காவல் நின்றவனின் பெயரை ஊரே சொல்கிறது!

மிதிவண்டிகளைத் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் நிறுத்திவிட்டு, பாலத்தைக் கடந்து போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலை வழியே சென்றோம். இங்கு ஒரு வியப்பு. நெகிரி செம்பிலானுக்குள் நெடுந்தொலைவு சென்றபின் மீண்டும் மலாக்கா மாநிலத்து மண்ணையே மிதிக்கிறோம். தஞ்சோங் துவான் மூன்று பக்கம் கடலாலும் ஒரு பக்கம் அண்டை மாநிலத்தாலும் சூழப்பட்டிருப்பினும், ஆட்சியுரிமை மலாக்காவினுடையது. நம் மாநிலத்தின் ஒரு துண்டு தனித்து அங்கே நிற்கிறது.

அத்துண்டு ஒரு குன்று. குன்று முழுதும் காடு. ஏறத்தாழ 80 ஹெக்டேர், அதாவது 200 ஏக்கர். ஒரு பெருந்தோட்டத்தின் சிறு பிரிவு அளவே இருக்கும். 1921-ஆம் ஆண்டில் இது காப்புக் காடாக்கப்பட்டது. 1971-இல் பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கரையெங்கும் விடுதிகளும் மாடிக் கட்டடங்களும் எழுந்துவிட்ட நிலையில், இக்காடு பிழைத்தது எவ்வாறு? அதற்குக் கடலோடிகளே ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

மலாக்கா நீரிணையில் கப்பல் செலுத்தியோர்க்கு இம்முனை ஓர் அடையாளம். போர்த்துக்கீசியர் இதனைக் 'காபோ ரச்சாடோ', அதாவது பிளந்த முனை, என்றனர். 1606-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இம்முனைக்கு எதிரேயுள்ள கடலில், மலாக்காவை முற்றுகையிட்டிருந்த டச்சுக் கப்பற்படையும், கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பற்படையும் பொருதன. டச்சுத் தலைவர் மத்தெலீஃப்; போர்த்துக்கீசியர் தலைவர் கோவாவின் அரசப் பிரதிநிதி காஸ்திரோ. நசாவ், மிடல்பர்க் என்னும் இரு டச்சுக் கப்பல்கள் அழிந்தன. போர்த்துக்கீசியரும் கப்பல்களை இழந்தனர். அன்று மலாக்கா டச்சுக்காரர் கைக்கு வரவில்லை. அது வந்தது 1641-இல். கடலடியில் கிடந்த நசாவின் எச்சங்களை 1995-இல் அகழ்ந்து ஆராய்ந்தனர். இன்று உச்சியில் நிற்கும் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் ஆங்கிலேயர் 1863-இல் எழுப்பியது. விளக்கு நின்ற குன்றில் தோட்டம் போட எவரும் முனையவில்லை. இங்கிலாந்தில் 'நியூ பாரஸ்ட்' என்றொரு பழங்காடும் புதர்வெளியும் உள்ளன. 1079-ஆம் ஆண்டளவில் வில்லியம் என்னும் மன்னன் தன் வேட்டைக்கென ஒதுக்கியதால் அது தப்பியது. இன்று அங்கு மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் உலவுகின்றனர். அங்கே மன்னனின் வேட்டை. இங்கே மாலுமியின் விளக்கு. இரண்டிலும் மரத்தின்மீது இரக்கம் கொண்டு காத்தவர் இல்லை!

காட்டினுள் வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தே ஏறினோம். தார்ச்சாலை செங்குத்தானது, ஆனால் இருபுறமும் மரங்கள் கவிந்து நிழல் தருகின்றன. குரங்குகளைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தோம். இருந்தும் ஒரு மாணவியின் கையிலிருந்த நெகிழிப்பை, அதிலிருந்த நாசி லெமாக் பொட்டலங்களுடன் மரமேறிவிட்டது. உணவைத் தோட்பையினுள் வைத்து மூடிச் செல்வதே தக்கது.

உடன் வந்த பாட்டியம்மாள் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பாதி வழியில் ஒரு பெருமரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்து, "ஐயா, இது என்ன மரம்?" என்று கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்ததைக் காட்டினார், அதுவும் தெரியவில்லை. "மரத்தோடேயே காலம் கழிச்சேன், இங்க ஒண்ணுக்கும் பேர் தெரியலையே" என்று சிரித்தார். படித்த எங்களுக்கும் அதே நிலைதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

உச்சியை அடைந்தபோது மணி பதினொன்று. இனி நாங்கள் மார்ச்சு மாதத்தைத் தேர்ந்த காரணத்தைக் கூறுவோம். வடக்கே சைபீரியா, சீனம், சப்பான் முதலிய நாடுகளில் குஞ்சு பொரிக்கும் தேன்பருந்துகள், அங்குப் பனிக்காலம் வரும்போது தெற்கே சுமத்திரா, சாவகம் முதலிய தீவுகளுக்கு வருகின்றன. தேனீ, குளவி ஆகியவற்றின் கூட்டிலுள்ள புழுக்களே அவற்றின் விருப்ப உணவு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவை தாயகம் திரும்புகின்றன. அவ்வாறு திரும்புகையில் சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து கடலைக் கடந்து, ஏறத்தாழ 38 கிலோமீட்டர் பறந்து, இம்முனையில்தான் பெருவாரியாகக் கரையேறுகின்றன.

இவ்விடத்தையே அவை நாடுவது ஏன்? மறுநடவுக்காக வெட்டவெளியாக்கிய தோட்ட நிலத்தின்மேல் பருந்து சிறகசைக்காமல் வட்டமிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெயிலில் நிலம் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழுகிறது. அக்காற்று பருந்தைத் தூக்குகிறது. கடல் நீரோ நிலத்தைப்போல் விரைவில் சூடேறுவதில்லை. ஆதலால் கடலின்மேல் அத்தகைய மேலெழு காற்று போதிய அளவு கிடைப்பதில்லை. கனத்த உடலுடைய இப்பறவைகள் முழுத்தொலைவும் சிறகடித்தே கடக்க வேண்டும். எனவே கடல் குறுகிய இடத்தைத் தேர்கின்றன. கரையை அடையும்போது களைத்து, மரவுச்சிகளை உரசுமாறு தாழ்ந்து வருகின்றன. சில, மரங்களில் இறங்கி இளைப்பாறுகின்றன. பல, குன்றின்மேல் எழும் வெப்பக்காற்றில் ஏறி வட்டமிட்டு உள்நாட்டை நோக்கிச் செல்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு தொடங்கி இப்பறவைகளைக் காண்பதற்கென்றே இங்கு ஒரு விழா நடத்தி வருகிறது.

முதலில் கடலின்மேல் ஒரு கரும்புள்ளி தோன்றியது. பின் மூன்று, பின் ஒரு கூட்டம். விளக்கத்தின் உயரத்திற்கும் கீழாக, இறகின் கோடுகள் தெரியுமளவு அருகில், அவை எங்கள் தலைக்கு மேலே கடந்து சென்றன. அதுவரை ஆரவாரம் செய்த பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கணக்கெடுக்குமாறு ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் குறிப்பேட்டைக் கொடுத்திருந்தோம். நாற்பத்து மூன்று வரை கோடு போட்டவன், பின்னர்ப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு நெடிய பயணத்தில் அவை கடலைத் தாண்டியதும் கால் வைக்கக் கிடைப்பது இந்த 200 ஏக்கர். கீழே கரையோரக் கட்டடங்களையும் மேலே பருந்துகளையும் மாறிமாறிப் பார்த்த தந்தையார் ஒருவர், "இதையும் வெட்டிவிட்டால் இதுகள் எங்கே இறங்கும்?" என்று கேட்டார். அவர் தோட்டம் விற்கப்பட்டு வீடு மாறியவர். அவருக்கு நாங்கள் விடை சொல்லவில்லை.

பிற்பகலில் கோலா லிங்கிக்குத் திரும்பி மிதிவண்டிகளை எடுத்தோம். எதிர்காற்று பலமாக வீசியது. காலையில் முழுத்தொலைவையும் மிதிப்போம் என்றவர்களுள் இருவர் வேனில் இடம் உண்டா என்று கேட்டனர். அடுத்த மார்ச்சு மாதத்தில் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். வர விரும்பும் மாணவர்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, மிதிவண்டியின் பிரேக்கையும் மணியையும் சரிசெய்து, பிப்ரவரித் திங்களுக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கவும். மரங்களின் பெயர் அறிந்த பெரியவர் எவரேனும் நம் வட்டாரத்தில் இருப்பின், அவரையும் அழைத்து வருமாறு வேண்டுகிறோம்.