கரட்டு நிலத்திற்கு ஏற்ற சுழல் வெட்டி: தேர்ந்தெடுக்கும் முறை

பம்பாயில் தாராவிப் பகுதியிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றிற்குத் திருநெல்வேலிச் சீமையில் பூர்விக நிலம் உண்டு. உழுவார் இன்றிச் சில ஆண்டுகள் கிடந்தால் போதும். அந்நிலத்தில் முதலில் புல்லும் கொழுஞ்சியும், பின்னர் ஆவாரையும் எருக்கும், இறுதியில் உடையும் சீமைக் கருவேலும் மண்டிவிடுகின்றன. வரப்பு மறைகிறது, எல்லைக்கல் எங்கே என்று தேட வேண்டியதாகிறது. நிலத்தைத் துப்புரவு செய்ய எண்ணும் உரிமையாளர், பெரும்பாலும் பிறர் சொல்லைக் கேட்டு, ஏதேனும் ஒரு கருவிக்குப் பணம் அனுப்பிவிடுகிறார். கருவி நிலத்திற்குப் பொருந்தாவிட்டால் பணம் வீணாவதோடு டிராக்டருக்கும், சில சமயம் உயிருக்கும் கேடு நேருகிறது. ஆகவே இப்பாடத்தைக் களப் பணியாளர்கள் விவசாயிகளுக்கு விளக்குவது போலவே, ஆசிரியர்களும் தம் மாணவர்கள் வாயிலாக இத்தகைய குடும்பங்களுக்கு எட்டச் செய்தல் நலம்.

கருவியின் அமைப்பு

சுழல் வெட்டி என்பது டிராக்டரின் பின்னால் இணைக்கப்பட்டு, நிலத்திற்குச் சற்று மேலாகப் புல்லையும் புதரையும் வெட்டிச் செல்லும் கருவியாகும். நம் நாட்டு விற்பனையாளர்கள் இதனை 'ஸ்லாஷர்' என்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் 1951-இல் தோன்றிய 'புஷ் ஹாக்' நிறுவனத்தின் பெயர், அந்நாட்டுப் பேச்சு வழக்கில் எந்த நிறுவனத்துச் சுழல் வெட்டிக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

'ரோட்டவேட்டர்' வேறு, சுழல் வெட்டி வேறு என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முன்னது மண்ணைக் கிளறிப் பொடியாக்குவது. பின்னது மண்ணைத் தொடலாகாது. தட்டையான இரும்புக் கூரை ஒன்றின் அடியில் பற்சக்கரப் பெட்டியிலிருந்து செங்குத்தாக இறங்கும் அச்சும், அதன் முனையில் வட்டத் தட்டும், அத்தட்டின் ஓரத்தில் தடித்த போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட இரண்டு அல்லது மூன்று வெட்டு அலகுகளும் இருக்கும். அலகுகள் இறுகப் பொருத்தப்படுவதில்லை. சுழலும்போது மையவிலக்கு விசையால் விறைத்து நிற்கும். கல்லிலோ கட்டையிலோ மோதினால் பின்னுக்கு மடங்கி விலகும். கரட்டு நிலத்தில் இக்கருவி உடையாமல் உழைப்பதன் இரகசியம் இதுவே.

இதற்கு வேண்டிய சக்தி டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து வருகிறது. அத்தண்டின் வழக்கமான வேகம் நிமிஷத்திற்கு 540 சுற்று. பற்சக்கரப் பெட்டி இதனை ஏறத்தாழ இரு மடங்காக்கி, அலகுகளை நிமிஷத்திற்குச் சுமார் 1,000 முறை சுழற்றுகிறது என்று கொள்வோம். அலகு முனைகளுக்கு இடையே உள்ள விட்டம் 1.5 மீட்டர் எனில், முனையின் வேகம் வினாடிக்குச் சுமார் 78 மீட்டர், அதாவது மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல். இக்கணக்கை வகுப்பில் மாணவர்களைக் கொண்டே போடச் செய்யலாம். கருவியின் ஆற்றலும் ஆபத்தும் இவ்வொரு கணக்கில் விளங்கும்.

வெட்டுதல் வேறு, வேரறுத்தல் வேறு

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் நிலத்தில் முளைத்திருப்பது யாது என்பதை அறிதல் வேண்டும். சுழல் வெட்டி தாவரத்தின் மேற்பகுதியை மட்டுமே நீக்கும், வேரைத் தீண்டாது. இந்த உண்மையை மறப்பதனாலேயே பெரும்பாலான ஏமாற்றங்கள் நேருகின்றன.

மத்திய இந்தியாவில் 'காண்ஸ்' எனப்படும் நாணற்புல் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பாழாக்கியிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மத்திய டிராக்டர் நிறுவனம் அதனை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது. இதற்கான கனரக இயந்திரங்களை வாங்கும் பொருட்டு 1949-இல் உலக வங்கி இந்தியாவிற்கு 1 கோடி டாலர் கடன் அளித்தது. அங்குப் புல்லை மேலே வெட்டியதனால் பயன் விளையவில்லை. நிலத்தை ஆழ உழுது, வேர்த்தண்டுகளைக் கோடை வெயிலில் காயவிட்டதனாலேயே பயன் விளைந்தது. நம் நிலங்களில் கோரையும் அருகும் இவ்வகையினவே.

சீமைக் கருவேலும் அத்தகையதே. வறண்ட நிலத்தில் விறகிற்கென 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட இம்மரம் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்டது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டதும் பலர் அறிந்ததே. இதனைத் தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் துளிர்க்கும். வளர்ந்த மரங்களை ஜே.சி.பி. போன்ற இயந்திரத்தால் வேர்க்கழுத்திற்குக் கீழே வரை தோண்டி அகற்றுதலே முறை. அதன் பின்னர் முளைக்கும் இளங்கன்றுகளையும் புல்லையும் அடக்கி வைப்பதே சுழல் வெட்டியின் வேலை. இதன் முட்கள் டிராக்டர் டயரைத் துளைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பார்த்தீனியம் மூன்றாம் வகை. 1955-இல் புனே நகரில் கண்டறியப்பட்ட இச்செடி பின்னர் நாடு முழுதும் பரவியது. இது விதையினாலேயே பெருகுவதால், பூக்குமுன் வெட்டுதல் பயன் தரும். பூத்தபின் வெட்டினால் விதை சிதறுவதோடு, மகரந்தத்தால் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகலாம். அடியிலிருந்து மீண்டும் தழைக்குமாதலால் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை வெட்ட நேரும்.

தண்டின் பருமன்

விற்பனையாளர் கூறும் 'லேசான வகை', 'கனமான வகை' என்னும் பெயர்களைக் காட்டிலும், எவ்வளவு தடித்த தண்டை வெட்ட வல்லது என்று கேட்பதே பொருத்தம். பொதுவாக லேசான வகை 2.5 செ.மீ. பருமன் வரையும், நடுத்தர வகை 5 செ.மீ. வரையும், கனமான வகை 7.5 செ.மீ. அல்லது அதற்கு மேலும் வெட்டும். பெருவிரல் பருமனுள்ள ஆவாரைக்கு முதல்வகை போதும்; மணிக்கட்டுப் பருமனுள்ள உடைக்கு அது போதாது. நிலத்தில் பத்து இடங்களில் தண்டுகளை அளந்து, அவற்றுள் பருத்ததை அளவாகக் கொள்க. மிகப் பருத்த சிலவற்றிற்காகக் கனமான கருவியை நாடவேண்டியதில்லை. அவற்றை அரிவாளாலும் கோடரியாலும் முன்னரே நீக்கிவிடலாம்.

அகலமும் சக்தியும்

டிராக்டர் எஞ்சினின் குதிரைச் சக்தி முழுவதும் பி.டி.ஓ. தண்டிற்கு வருவதில்லை, ஏறத்தாழ 85 சதவீதமே வரும். 45 குதிரைச் சக்தி டிராக்டரில் சுமார் 38 கிடைக்கும். வெட்டும் அகலத்தில் அடி ஒன்றிற்குப் புல்லாயின் 5 குதிரைச் சக்தியும், தண்டு முற்றிய புதராயின் 7 அல்லது 8 குதிரைச் சக்தியும் தேவை எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் இந்த டிராக்டர் புல் நிலத்தில் 6 அடி வெட்டியைத் தடையின்றி இயக்கும். புதர் நிலத்தில் 5 அடி வெட்டியே எல்லை. அகலமான கருவி வேலையை விரைவில் முடிக்கும் என்பது சமமான புல்வெளிக்குப் பொருந்தும். கரட்டு நிலத்தில் அது எஞ்சினைத் திணறச் செய்யும், மேடுகளில் தட்டும், பள்ளங்களை வெட்டாது விடும்.

தூக்குவகையும் இழுவைவகையும்

டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டித் தூக்கப்படுவது ஒரு வகை. தன் சக்கரங்களில் உருண்டு, இழுகம்பியால் இழுக்கப்படுவது மற்றொரு வகை. தூக்குவகை விலை குறைந்தது, குறுகிய இடத்தில் திரும்பும், பின்னோக்கிச் செல்லும். ஆயின் அதன் பளு முழுதும் டிராக்டரின் பின்புறத்தில் விழுவதால் முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் திசைமாற்றம் கெடும். மொத்தப் பளுவில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன் அச்சில் நிற்றல் வேண்டும். நில்லாவிடில் முன்புறம் எடைக்கட்டிகள் மாட்டுதல் அவசியம். இழுவைவகை தன் பளுவைத் தானே தாங்குவதால் டிராக்டருக்குச் சுமை குறைவு; நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து செல்லும். ஆனால் திரும்புவதற்கு இடம் மிகுதியாக வேண்டும். வரப்புகளால் துண்டுபட்ட சிறு நிலங்களுக்குத் தூக்குவகையும், நீண்டு பரந்த தோப்புகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இழுவைவகையும் ஏற்றவை.

பார்த்து வாங்க வேண்டிய உறுப்புகள்

முதலாவது, அதிர்ச்சிக் காப்பு. அலகு கட்டையில் மோதும்போது பற்சக்கரங்கள் உடையாதபடி, சில கருவிகளில் ஷியர் போல்ட் முறிந்து விலகும். சிலவற்றில் சிலிப் கிளட்ச் வழுக்கும். முன்னது மலிவு, முறியும்தோறும் இறங்கி மாற்றவேண்டும். கட்டைகள் மிகுந்த நிலத்திற்குச் சிலிப் கிளட்சே ஏற்றது. நெடுநாள் உபயோகிக்காத கிளட்ச் துருவால் ஒட்டிக்கொள்ளுமாதலால், பருவத் தொடக்கத்தில் அது வழுக்குகிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒருவழிக் கிளட்ச். சுழலும் அலகுகள் கனத்த சக்கரம் போல விசையைச் சேமித்து வைத்திருக்கும். பழைய டிராக்டர்கள் சிலவற்றில், ஓட்டுநர் கிளட்சை மிதித்த பின்னரும் அவ்விசை பி.டி.ஓ. தண்டின் வழியே டிராக்டரை முன்னுக்குத் தள்ளும். கிணற்று மேட்டிலும் ஓடைக் கரையிலும் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய டிராக்டருக்கு ஒருவழிக் கிளட்ச் இன்றியமையாதது.

மூன்றாவது, முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை. தெறிக்கும் கல்லைத் தடுப்பது இதுவே. விலை குறையும் என்று இதனை நீக்கித் தருவாராயின் வாங்கலாகாது. நான்காவது, பி.டி.ஓ. தண்டின் மேலுள்ள உறை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

1.5 மீட்டர் வெட்டி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் சென்றால் மணிக்கு 6,000 சதுர மீட்டர் ஆகும். திரும்புதலுக்கும் மேற்படிதலுக்கும் கால்பகுதி கழித்தால் 4,500 சதுர மீட்டர், அதாவது சுமார் 1.1 ஏக்கர். 5 ஏக்கர் நிலத்திற்கு நாலரை மணி நேரம். ஆண்டிற்கு இருமுறை வெட்டினாலும் 9 மணி நேரமே. இதற்கெனத் தனியொருவர் கருவி வாங்குதல் சிக்கனமன்று. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு அளிக்கிறது. தனியார் வாடகை மையங்களும் உள்ளன. பலர் கூடி வாங்குவதாயின், மத்தியப் பிரதேசத்துப் புத்னி, ஆந்திரப் பிரதேசத்து அனந்தபுரம் மாவட்டத்துக் கார்லதின்னை ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையங்கள் போன்றவற்றின் சோதனை அறிக்கை அக்கருவிக்கு உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும்.

உயிர்க்காப்பு

வெட்டுமுன் நிலத்தை நடந்து பார்த்துக் கல், கம்பி, பழைய கிணறு, எல்லைக்கல் ஆகியவற்றிற்குக் கொடி நடுக. வெட்டும் உயரத்தைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. ஆக வைத்தல் கரட்டு நிலத்திற்கு ஏற்றது. நூறு மீட்டருக்குள் எவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை விலக்குதல் ஓட்டுநரின் கடமை. டிராக்டரின் மட்கார்டில் எவரையும் ஏற்றலாகாது. நிலத்தின் நடுவில் தொடங்கி வெளிநோக்கி வெட்டினால் கௌதாரியும் முயலும் தப்பியோட வழி கிடைக்கும்.

540 சுற்று என்பது வினாடிக்கு 9 சுற்று. 7 செ.மீ. விட்டமுள்ள தண்டின் சுற்றளவு 22 செ.மீ.; ஆகவே ஒரு வினாடியில் சுமார் 2 மீட்டர் துணியை அது சுருட்டிக்கொள்ளும். வேட்டி முனையோ சேலைத் தலைப்போ சிக்கினால் கூவி அழைக்கவும் நேரமிராது. ஆகவே உறையற்ற தண்டுடன் வேலை தொடங்கலாகாது. பி.டி.ஓ.வை நிறுத்தினாலும் அலகுகள் உடனே நிற்பதில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சுழற்சி முற்றும் அடங்கிய பின்னரே கருவியை அணுகுதல் வேண்டும். தூக்கிய கருவியின் அடியில் முட்டுக்கட்டை கொடாமல் கை வைத்தல் கூடாது.

முடிவு

வெட்டிய தழையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே விட்டால் அது மூடாக்காகி ஈரத்தைக் காக்கும். வெட்டுதலோடு பணி முடிவதுமில்லை. அடுத்த மழைக்குப் பின் என்ன விதைப்பது என்பதற்கு விடை இருந்தாலன்றி, அவ்விடத்தைப் புதர் மீண்டும் கைக்கொள்ளும். தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர் முதலில் கேட்க வேண்டியது கருவியின் விலையன்று. நிலத்தில் என்ன முளைத்துள்ளது, அதன் தண்டு எவ்வளவு பருமன், வேர் எத்தன்மையது என்பனவே.

பயிற்சி வினாக்கள்

1. ரோட்டவேட்டருக்கும் சுழல் வெட்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. வெட்டு அலகுகளை இறுகப் பொருத்தாமல் விடுவது ஏன்?
3. 35 குதிரைச் சக்தி டிராக்டர் கொண்டு புதர் நிலத்தை வெட்ட எத்தனை அடி வெட்டி பொருந்தும்? கணக்கிடுக.
4. வளர்ந்த சீமைக் கருவேலைச் சுழல் வெட்டியால் ஒழிக்க இயலாமைக்குக் காரணம் கூறுக.
5. உங்கள் ஊரிலுள்ள தரிசு நிலம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்குள்ள தாவரங்கள், தண்டின் பருமன், கற்கள் ஆகியவற்றைக் குறித்து, எவ்வகைக் கருவி ஏற்றது எனக் காரணத்துடன் எழுதுக.