குப்பியை யார் நடத்துவது? புதுமுக மாணவரை வரவேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகப் பீடத்தின் புதுமுக மாணவர் அறிமுக நிகழ்ச்சியை ஒழுங்குசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், மண்டபம் பதிவுசெய்ய ஓட வேண்டாம். ஒரு தாளை எடுத்து, புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதத்தில் என்னென்ன தேவைப்படும் என்று இடப்பக்கத்தில் எழுதுங்கள். தங்குவதற்கு அறை, மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் இலக்க பஸ் எங்கே நிற்கும் என்ற விபரம், கடந்த ஆண்டு வினாத்தாள், மஹாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தை நிரப்பும் விதம், வரவுப் பதிவில் கண்டிப்பான விரிவுரையாளர் யார், காய்ச்சல் வந்தால் எங்கே போவது. வலப்பக்கத்தில், இன்றைக்கு இவை ஒவ்வொன்றையும் அந்தப் பிள்ளைக்கு யார் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் ‘சீனியர்’ என்றுதான் வரும். புதியவர்களைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதையின் பலம் அந்த வலப்பக்கத்தில் இருக்கிறது. தேவையானதெல்லாம் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை கேட்கும் விலையைக் கொடுக்கத்தான் வேண்டிவரும். ஆகவே உங்கள் வேலை விழா நடத்துவதைவிடக் கடினமானது. அந்தத் தேவைகளை ஒவ்வொன்றாக அந்தக் கையிலிருந்து எடுத்து, எல்லாருக்கும் பொதுவான இடத்தில் வைக்க வேண்டும்.

பகிடிவதையை ஒழிக்க இதுவரை நடந்த இரண்டு பெரிய முயற்சிகளும் இதையே உணர்த்துகின்றன. 1997இல் பேராதனைப் பொறியியற் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டு வரை என்கிறது அது. பின்னர் 2011இல் உயர்கல்வி அமைச்சு, புதுமுக மாணவருக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2015இல் ஆட்சி மாறிய பின் அது கைவிடப்பட்டது. சட்டம் அவசியம், அது இருக்கத்தான் வேண்டும். முகாம் பயிற்சியோ, ஒரு கீழ்ப்படிதலுக்குப் பதிலாக இன்னொரு கீழ்ப்படிதலைப் பழக்கியது. ஆனால் இரண்டுமே குப்பியைத் தொடவில்லை. பரீட்சை நெருங்கும்போது சிரேஷ்ட மாணவர்கள் விடுதி அறையிலோ வெறுமையான விரிவுரை மண்டபத்திலோ நடத்தும் இலவச வகுப்பைத்தான் கம்பஸில் குப்பி என்கிறார்கள். பகிடிவதைக்கு உடன்படாதவருக்குக் குப்பி இல்லை, குறிப்புகள் இல்லை, ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களான பட்சின் சுற்றுலாவிலும் விளையாட்டிலும் இடமில்லை. அடிக்குப் பயப்படுகிறவரைவிட இந்த ஒதுக்கலுக்குப் பயந்து தலைகுனிகிறவர்களே அதிகம்.

ஆகவே வேலை பதிவு நாளுக்கு முன்னரே தொடங்க வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்து, அனுமதிக்கான இசட் புள்ளி வெட்டுப்புள்ளி வெளியாகி, தெரிவுக் கடிதம் கைக்கு வந்து, விரிவுரை தொடங்கும்வரை மாதக்கணக்கில் இடைவெளி கிடக்கிறது. பீடம் அந்த நாட்களில் மௌனமாக இருக்கும், சீனியர்களின் வாட்ஸ்அப் குழு மௌனமாக இருக்காது. பதிவுக்கான பெயர்ப்பட்டியல் பீடத்துக்குக் கிடைத்த அதே வாரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இரண்டு பக்கத் தாள் ஒன்று ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். அதில் உபவேந்தரின் வாழ்த்துச் செய்தி தேவையில்லை. தமிழில் பேசக்கூடிய ஒருவர் எடுக்கும் தொலைபேசி இலக்கம், அவர் எடுக்கும் நேரம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், விடுதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பவை போதும். இந்த விடுதி விடயத்தைச் சற்று விரிவாகவே எழுதுங்கள். பல பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்றும் நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். அதனால் கொழும்புப் பீடங்களுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு வெள்ளவத்தை போர்டிங் அறைதான் தலைநகரின் முதல் முகவரி. முற்பணம் எத்தனை மாதத்துக்கு, தண்ணீரும் கரண்டும் வாடகைக்குள் அடங்குமா, ஓர் அறையில் எத்தனை பேர், இரவு கேற் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், சமைக்க விடுவார்களா என்ற ஐந்து கேள்விகளை அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை தாளைக் காட்டிக் கேட்கும்.

பெற்றோர் தங்குமிடம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை மறுநாள்தான் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது நினைவில் இராது. அவர்களைக் கொண்டுவந்து விடும் தாய் தகப்பனுக்கு அது மறக்கவில்லை. ஆகவே மாணவரின் பெயர், பீடம், தற்போதைய முகவரி ஆகியவற்றை உறுதிப்படுத்திப் பதிவாளர் ஒப்பமிடும் ஒற்றைப் பக்கக் கடிதத்தை, மாணவ அடையாள அட்டை கிடைக்கும்வரை கையில் கொடுத்துவிடுங்கள். செலவு ஒரு தாள். பத்து உரைகள் தராத நிம்மதியை அது தரும்.

அடுத்தது குழு. பொறுப்பான விரிவுரையாளர் ஒருவர், மாணவ ஆலோசகர், ஆங்கில அலகிலிருந்து ஒருவர், நூலகர் ஒருவர், பதிவுக் கிளையில் கோப்பு எங்கே இருக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்த எழுதுவினைஞர் ஒருவர். இந்தக் கடைசி ஆளை மறக்கிறவர்கள் பிறகு அழுவார்கள். இவர்களோடு இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களை வழிகாட்டிகளாகத் தெரிவுசெய்ய வேண்டும். ஆறு ஏழு புதியவருக்கு ஒருவர் என்பது அளவான கணக்கு. தாமாக முன்வருகிறவர்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் பழைய அதிகாரத்துக்கு நீங்களே பதவிப் பட்டி அணிவித்ததாகிவிடும். விண்ணப்பம் கேட்டு, நேர்முகம் வைத்து, சான்றிதழும் சிறிய கொடுப்பனவும் தந்து தெரிவுசெய்யுங்கள். மாணவர் சங்கம் இதை எதிர்க்கும் என்பது நியாயமான கவலைதான். சங்கத்தை ஒதுக்கினால் மாலை நான்கு மணிக்குப் பிறகு அதன் நிகழ்ச்சி தனியாக நடக்கும். எனவே சங்கத்துக்குப் பகலில் மேடை கொடுங்கள், தன் வேலைகளை அது விளக்கட்டும். வழிகாட்டிகளைத் தெரிவுசெய்யும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழுக்கள் மொழியால் பிரியாமலும் பார்க்க வேண்டும். தமிழ்மொழிமூலத்தவரை ஒரு பக்கம், சிங்களமொழிமூலத்தவரை மறு பக்கம் என்று பிரித்தால் நடத்துவது சுலபம். ஆனால் அந்தப் பிரிவு நான்கு வருடமும் நீடிக்கும்.

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மங்கள விளக்கேற்றலும் உரைகளும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியட்டும். மிச்ச நேரம் முழுக்கக் கையால் செய்யும் வேலைக்கு. நூலகத்துக்குப் போய்ப் பார்ப்பது பயனற்றது, ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை இரவல் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தைச் சுவரில் திரையிட்டுக் காட்டாமல், அவரவர் போனில் உள்நுழைந்து ஒரு கோப்பைப் பதிவேற்றச் செய்யுங்கள். மஹாபொல, பர்சரி உதவித்தொகை விண்ணப்பங்களை அங்கேயே அமர்ந்து நிரப்பட்டும். மாதம் 5,000 ரூபாவாக இருந்த மஹாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. கொழும்பு வாடகைக்கு அது சிறு தொகைதான், ஆனாலும் பிழையான விண்ணப்பத்தால் அது மாதக்கணக்கில் தாமதித்தால் பிள்ளை சீனியரிடம்தான் கடன் கேட்கும்.

மொழி விடயத்திலும் ஒரு பரீட்சை உண்டு. ஒருங்கிணைப்பாளரே அதைச் செய்து பார்க்கலாம். சிங்களம் தெரியாத ஒருவரைப் பிரதான வாயிலில் விட்டு, மருத்துவ நிலையத்துக்கும் பதிவுக் கிளைக்கும் யாரிடமும் கேட்காமல் போகச் சொல்லுங்கள். எந்தத் திருப்பத்தில் தயங்கி நிற்கிறாரோ அங்கே தமிழ்ப் பலகை வேண்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆனால் வாட்ஸ்அப் அறிவித்தல்களுக்கு அது இன்னும் போய்ச்சேரவில்லை. மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் போகாத அறிவித்தல் போகவே கூடாது என்பதை விதியாக்குங்கள். தமிழ் அறிவித்தல் இரண்டு நாள் பிந்தினால் அந்த இரண்டு நாளும் தமிழ் மாணவர் யாரோ ஒருவரின் தயவில் இருக்கிறார்.

இனிக் குப்பி. அதை ஒழிக்க முயல வேண்டாம். அது நல்ல விடயம், கெட்டது அதன் நுழைவுக் கட்டணம் மட்டுமே. மூன்றாம் வாரத்திலிருந்து பீடமே குப்பி நடத்தட்டும். நேர அட்டவணையில் இடம், விரிவுரை மண்டபம், பெயர் அறிவிக்கப்பட்ட சிரேஷ்ட மாணவர், எல்லாருக்கும் திறந்த கதவு. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்துக் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் தொடங்கிய முறை கிட்டத்தட்ட இதுதான். அவர் பலவீனமான மாணவரைத் தேடாமல் கடினமான பாடத்தைத் தேர்ந்தெடுத்தார், அந்தப் பாடத்துக்கு முந்திய ஆண்டில் நன்றாகச் செய்தவர் வகுப்பெடுத்தார். வருகிறவர் ‘மொக்கு’ என்று பெயர் வாங்குவதில்லை. இங்கும் அப்படியே செய்யலாம். கடந்த மூன்று ஆண்டுப் பெறுபேறுகளை எடுத்து, அதிகம் பேர் தவறும் இரண்டு பாடங்களைத் தெரிவுசெய்து, அவற்றுக்கு மட்டும் வாரம் ஒரு குப்பி. பழைய வினாத்தாள்களை நூலகத்திலும் இணையத்திலும் போட்டுவிட்டால் பழைய சந்தையின் பாதிச் சரக்கு செல்லாக்காசாகிவிடும்.

மாலைநேரம் தனிக் கவனம் கேட்கிறது, அதிலும் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் அறை எடுத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நகரம் தெரியாது, ஆனால் சுற்றிலும் ஊர்க்காரர் இருப்பார்கள். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நகரம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஐந்து மணிக்கு பஸ் ஏறிவிடுவதால் பட்சோடு ஒட்டவே நேரமிராது. அறிமுக நிகழ்ச்சிகள் வழக்கமாக மறந்துவிடுவது இந்த இரண்டாமவரைத்தான். முதலாமவருக்கு ஒரே வீதியில் தங்கியிருப்பவர்களைச் சேர்த்து ஒரு குழுவும், சேர்ந்து படிக்க நம்பகமான இடமும் வேண்டும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, சங்கத்தோடு பேசிப் பார்க்கலாம். இரண்டாமவருக்கு நண்பகல் வேளையில் குப்பியும் விளையாட்டும் நாடகமும் வேண்டும். முறைப்பாட்டுக்கான வழி பீடத்துக்குள் மட்டும் இருக்கக்கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே முறையிட முடியும் என்பதையும் அந்த இரண்டு பக்கத் தாளிலேயே போடுங்கள்.

பகிடிவதை இல்லாவிட்டால் ‘பட்ச் ஃபிட்’ என்ற பட்ச் ஒற்றுமை வராது, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாகிவிடுவது அதனால்தான் என்ற வாதத்தைக் கேட்பீர்கள். சேர்ந்து துன்பப்படுகிறவர்கள் நெருங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் உடன்படாதவரை வெளியே தள்ளித்தான் அந்த நெருக்கம் உண்டாகிறது என்பதும் உண்மை, அங்கே சமத்துவம் எங்கிருந்து வந்தது? சேர்ந்து ஒரு நாடகம் போட்டாலும் நெருக்கம் வரும். மறுபக்கத்தில் விரிவுரையாளர்கள், இருபது வயதுக்காரருக்கு ஊட்டிவிட வேண்டுமா என்று கேட்பார்கள். மாணவர் இடைவிலகலைப் பற்றி 1975 முதல் எழுதிவந்த அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ, படிப்போடும் சக மாணவரோடும் ஒட்டாமல் போவதை முக்கிய காரணமாகக் காட்டினார். திறமை இருந்தும் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் 1970இன் மாணவர் கலவரத்துக்குப் பிறகு, 1972இல் புதுமுகத்தவருக்கு ஒரு செமஸ்டர் நீளமான பாடமே தொடங்கியது. ஒரு வார விழா போதாதென்று அங்கே அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆறாம் வாரத்தில் கணக்குப் பாருங்கள். ‘நிகழ்ச்சி எப்படி இருந்தது’ என்ற படிவத்தால் ஒன்றும் தெரியாது, எல்லாரும் நன்று என்றே எழுதுவார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர் யார், ஒரு புத்தகமும் இரவல் எடுக்காதவர் யார், மூடிலில் இதுவரை நுழையாதவர் யார் என்று மூன்று பட்டியல் எடுங்கள். மூன்றிலும் பெயர் உள்ளவருக்கு வழிகாட்டி மாணவர் அல்ல, மாணவ ஆலோசகரே அவரது மொழியில் தொலைபேசி எடுக்க வேண்டும். முதல் செமஸ்டர் பெறுபேறு வந்ததும் அதையே இன்னொருமுறை செய்யுங்கள். எந்தப் பாடத்தில் குப்பி பலித்தது, எந்தப் பலகை இன்னும் சிங்களத்தில் மட்டும் நிற்கிறது, எந்தப் போர்டிங்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பவற்றை ஒரு கோப்பில் எழுதி, அடுத்த பட்சின் பெயர்ப்பட்டியல் வருமுன் அடுத்த ஒருங்கிணைப்பாளரின் கையில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள்.