முதியோர் உறக்கம்: இயல்பும் நோயும்

முதுமையில் உறக்கத்தின் ஆழம் குறைவதும், முன்னிரவிலேயே கண் அயர்வதும், விடியுமுன் விழிப்பதும் இயல்பே. அத்தகையவர் பகலில் தெளிவாகவே இருப்பார். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயில் நிலை வேறு. மூளையின் உயிர்க்கடிகாரம் பாதிக்கப்படுவதால் நோயாளி பகலில் உறங்குவார். மாலையில் பதற்றம் கூடும். நள்ளிரவில் எழுந்து, சொந்த வீட்டிலிருந்தே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார்.

அக்கடிகாரத்தைச் சீராக்குவது பகல் வெளிச்சம். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்தவர் உறங்குவதற்காகப் பகலில் வீட்டை இருட்டாக்க நேர்ந்தால், பெரியவரை வாசலில் நிழலான இடத்தில் அமர்த்துங்கள். மதிய உறக்கம் அரைமணி நேரத்திற்குள் இருக்கட்டும்.

மருத்துவச் சீட்டின்றி வாங்கும் தூக்க மாத்திரையும், உறக்கத்திற்கென விழுங்கும் ஒவ்வாமை மாத்திரையும் மனக்குழப்பத்தையும் கீழே விழும் அபாயத்தையும் கூட்டும், தவிர்த்திடுங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் தோன்றினால் அதனை முதுமை என்று விட்டுவிடலாகாது. சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், வலி ஆகியன காரணமாகலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.