வலியோடு தியானமா?

மூட்டுவாதத்தால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பூஜை, தியானம் எல்லாம் நின்றுபோயின. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

இல்லை, அம்மா. உங்கள் ஊர்ப் பக்கம் திருவதிகையில்தான், சூலை நோயால் துடித்த அப்பர் தம் அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். அவருடைய முதல் பதிகமே அந்த வயிற்றுவலியை இறைவனிடம் முறையிட்டதுதான். வலிக்கிறது என்று சொல்வதும் வழிபாடே.

தியானத்துக்குச் சம்மணம் கட்டாயமில்லை. அமெரிக்காவில் 1979இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் நாள்பட்ட நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியில் முக்கியமான ஒன்றைப் படுத்தபடியே செய்யலாம். கால்விரல் முதல் உச்சந்தலை வரை ஒவ்வோர் இடமாகக் கவனியுங்கள். வலிக்கும் மூட்டு வந்தால் அவசரப்படாமல் அங்கே சில மூச்சு தங்கி, பிறகு நகருங்கள். மனம் ஓடினால் திரும்ப அழைத்து வாருங்கள். எத்தனை முறை ஓடினாலும் பரவாயில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டாம். இன்றிரவே தொடங்குங்கள்.