ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் போவதற்கு முன்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணக் கூட்டம் வராத அந்த மாதத்திலும் ஜவுளிக்கடைக் கல்லாவை ஓடவைக்கத்தான் ஆடித் தள்ளுபடி. ஆவணியில் வீட்டில் கல்யாணம் இருந்தால் அது நிஜமான லாபம். எப்படியும் எடுக்கவேண்டிய பட்டு. மற்றவர்களில் பலர் இரண்டு சுடிதார் எடுக்கப் போய் குக்கரும் கையுமாகத் திரும்புகிறார்கள். ஒரே கட்டடத்தில் கீழே பாத்திரம், மேலே துணி, அதற்கும் மேலே பெட்டி படுக்கை என்று அடுக்கி வைத்திருப்பது சும்மா இல்லை.

முதல் வேலை பீரோவைத் திறப்பது. மடிப்புக் கலையாமல் கிடக்கும் போன வருஷத்து ஆடித் துணியைப் பார்த்தாலே பட்டியல் பாதியாகிவிடும். ‘அம்மாவுக்குச் சேலை’ என்று எழுதினால் போதாது. ‘பருத்திச் சேலை, 1,200 ரூபாய்க்குள்’ என்று எழுதவேண்டும். அந்தத் தொகையை ரொக்கமாகவே எடுத்துப் போகலாம். ஜிபேயில் தட்டும்போது தெரியாத வலி, நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது தெரியும்.

காரில் போனால் ‘டிக்கி இருக்கிறதே’ என்ற தைரியம் வந்துவிடும். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்குவது நல்லது. 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறினால், ரங்கநாதன் தெருவின் ஒரு கடை வாசலையும் மிதிக்காமல் பேருந்து நிலையத்தை அடையலாம். வார நாள் காலையில் போனால் நிதானமாகத் துணியைத் தொட்டுப் பார்க்கவும் இடம் கிடைக்கும்.

கடைக்குள் நுழைந்ததும் கணக்கு. ‘50% + 20%’ என்றால் 70 அல்ல. ஆயிரம் ரூபாய்ச் சட்டை முதலில் 500 ஆகும், அதில் 20% போய் 400. ஆக, தள்ளுபடி 60%. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது ஒன்றுக்கு 33% தள்ளுபடிதான், அதுவும் மூன்றுமே தேவைப்பட்டால். ஒரு சட்டை போதும் என்பவருக்கு அது தள்ளுபடியே இல்லை.

மயிலாப்பூரில் சபலத்துக்கு வேறு முகம். நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைகள். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்குவது பல வீடுகளில் வழக்கம். அந்த ஒன்று ஐந்தாறு உருப்படி கொண்ட செட்டாக வளர்வதுதான் சிக்கல். புறப்படும் முன் படியின் உயரத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டால், படியில் நிற்காத பொம்மைக்குப் பேரம் பேசும் வேலை மிச்சம். பரணில் எவ்வளவு இடம் என்பதும் தெரியவேண்டும். கொலு ஒன்பது நாள். மீதி நாளெல்லாம் பொம்மைகள் அங்கேதான் இருக்கும்.

அடையாறு அடுக்குமாடிகளிலோ கடை வீட்டுக்கே வருகிறது. டெலிவரி கட்டணம் 30 ரூபாயை மிச்சம் பிடிக்க 80 ரூபாய்க்கு சாக்லேட் சேர்ப்பது செயலிக்காரர் எதிர்பார்த்த கணக்கு. கூடையில் போட்டுவிட்டு ராத்திரி வரை காத்திருந்தால் பாதி தானாகவே தேவையற்றதாகத் தோன்றும். சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்கிவிடுவது இன்னும் நல்லது. ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பணம் கட்டும் முன் கூடையை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படிக்கவேண்டும்.

வாங்கியாகிவிட்டதா? பில்லைத் தூக்கிப் போடக்கூடாது. அதில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் இந்தச் சட்டம் உதவாது. அதற்குக் கடைக்காரர் மனசு வைக்கவேண்டும். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.