மொழி தெரியாத பாரிஸில் முதல் நாள்கள்

இலங்கையில் பூவரசங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறும் மாணவருக்கு வாய் இருந்தால் வழி கிடைக்கும். பாரிஸில் அது போதாது. தங்குமிட முகவரியைப் பிரெஞ்சில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பது முதல் வேலை; கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலிக்கான பிரெஞ்சுக் கோப்பையும் இணையமின்றி இயங்கும்படி முன்பே தரவிறக்கிக்கொள்ள வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. அந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிடும். மெத்ரோவில் ‘சோர்த்தி’ என்றால் வெளிவாசல். வெளியே வரும்வரை பயணச்சீட்டு கைவசம் இருக்க வேண்டும். பரிசோதகர் கேட்கும்போது இல்லையென்றால் தண்டம். 2ஆம் இலக்கப் பாதையில் லா சப்பல் நிலையத்தில் இறங்கினால் தமிழ்க் கடைகள். முதல் தனிப் பயணத்துக்கு நல்ல ஒத்திகை, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் பிரெஞ்சு வராது என்பது வேறு கதை. அவசர அழைப்புக்கு ஊரிலுள்ள 119 அல்ல, 112.